கணக்குப்பிள்ளை பதில்கள்: ஊர்ப் பணத்தில் 400 குதிரை

ஊர் நிர்வாகத்தின் வரவு செலவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், தபால்பெட்டி நிரம்பிவிட்டது. சினிமா, கிரிக்கெட், மருமகள் பற்றிய கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

மளிகைக் கடைக்காரர், பரமக்குடி: ஒரு நகராட்சி நல்ல நிலையில் இருக்கிறதா, நொடித்துப்போயிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தே சொல்லிவிட முடியுமா?

முடியாது. வாசலில் நீரூற்று வைத்த நகராட்சி மின்கட்டணம் கட்டாமல் இருக்கலாம். காரை பெயர்ந்த கட்டடத்தில் இயங்கும் நகராட்சியில் பைசா பாக்கி இல்லாமல் இருக்கலாம். உள்ளே போய் மூன்று தாள்களைக் கேளுங்கள்.

முதல் தாள், கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியல். எவ்வளவு வரி கேட்டார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு தொங்குகிறது என்று அதில் இருக்கும். பழைய நிலுவை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனால், அதில் பெரும்பகுதி இனி வரப்போவதில்லை என்று அர்த்தம். தள்ளுபடி செய்ய மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவது தாள், ஊர் தரவேண்டிய பாக்கி. ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு, மின்வாரியத்துக்கு எவ்வளவு, குடிநீர் வடிகால் வாரியத்துக்கு எவ்வளவு, ஓய்வுபெற்றவர்களுக்கு எவ்வளவு. மூன்றாவது, மொத்த வரவில் ஊர் சொந்தமாகச் சம்பாதிப்பது எத்தனை பங்கு, மேலிருந்து வருவது எத்தனை பங்கு. மூன்றையும் கேட்ட உடனே எடுத்துக் கொடுத்தார்கள் என்றால் ஊர் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. நாளைக்கு வாருங்கள் என்றால், நாளைக்கும் போங்கள்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: பட்ஜெட்டில் உபரி என்று அறிவிக்கிறார்களே, அது நல்ல செய்திதானே?

உபரி காட்டுவதைப்போல் சுலபமான வேலை கணக்கில் வேறு இல்லை. பத்து வருஷமாக வராத நிலுவை இந்த வருஷம் வந்துவிடும் என்று வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். மார்ச் 31ஆம் தேதி பாஸ் செய்யவேண்டிய பில்லை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஏப்ரல் 1ஆம் தேதி எடுக்கலாம். பாங்கில் கிடக்கும் திட்ட மானியத்தைக் காட்டி இருப்பு பலமாக இருக்கிறது என்று சொல்லலாம். அந்தப் பணம் குடிநீர்த் திட்டத்துக்கு வந்தது, அதிலிருந்து சம்பளம் போட முடியாது.

இந்த ஜாலங்களுக்கு மருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-01லேயே இரட்டைப் பதிவுக் கணக்குக்கு மாறிவிட்டன. சொத்து, பொறுப்பு, தேய்மானம் எல்லாம் எழுதியாக வேண்டும். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று தனிக் கணக்குகள். இந்தியாவில் பல மாநிலங்களுக்கு முன்பே நாம் செய்த காரியம். ஆனால் எழுதுவது வேறு, எழுதியதைப் படிப்பது வேறு. 2022 நவம்பரில் ரிசர்வ் வங்கி நகராட்சி நிதி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் பெரும்பாலான நகராட்சிகள் பட்ஜெட் போடுகின்றன, ஆண்டு முடிவில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன, ஆனால் தணிக்கையான நிதிநிலை அறிக்கையைத் தம் பணத்தை நிர்வகிக்கப் பயன்படுத்துவதில்லை என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆக, தாள் இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், விருத்தாசலம்: சின்ன ஊரில் திருட என்ன இருக்கிறது? ஊழல் என்றால் பெரிய மாநகராட்சியில்தானே?

அப்படித்தான் டிக்சன் ஊர்க்காரர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ராக் ஆற்றங்கரையில் ஒரு ஊர். மக்கள்தொகை சுமார் 16 ஆயிரம். ரொனால்ட் ரீகன் சிறுவனாக வளர்ந்த இடம் என்பது ஒன்றுதான் அதன் பெருமை, 2012 ஏப்ரல் வரை.

ரீட்டா கிரண்ட்வெல் என்பவர் பள்ளியில் படிக்கும்போதே அந்த நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1983ல் கணக்கு அதிகாரி ஆனார். 1990 டிசம்பரில் பாங்கில் ஒரு கணக்கு தொடங்கினார். சாக்கடைத் திட்டத்துக்கு ஒதுக்கிவைத்த நிதி என்று தொனிக்கும்படி ஒரு நீளமான பெயர், அதன் முதலெழுத்துகள், கூடவே நகராட்சியின் பெயர். பார்த்தால் நகராட்சியின் பல கணக்குகளில் இதுவும் ஒன்று என்று தோன்றும். ஊர்க் கணக்குகளிலிருந்து பணத்தை ஒரு கணக்குக்குக் கொண்டுவருவார். அங்கிருந்து பொருளாளர் பெயருக்கு செக் எழுதுவார். அது இந்தச் சாக்கடைக் கணக்கில் போய் விழும். சாக்கடை என்ற பெயரைப் பார்த்த பிறகு யார் மூடியைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

1991லிருந்து 2012 வரை மொத்தம் 5 கோடியே 37 லட்சம் டாலர். கைக்குழந்தை உட்பட தலைக்கு 3,300 டாலருக்கு மேல். 2008ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 58 லட்சம் டாலர். அந்த ஊரின் ஓராண்டுப் பொதுச்செலவு பட்ஜெட்டே ஒரு கோடி டாலரைத் தொடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணை மறுபடி படியுங்கள்.

பணம் குதிரைகளாக மாறியது. சுமார் 400 குதிரைகள், குதிரைப் போட்டிகளில் 52 உலகப் பட்டங்கள், 21 லட்சம் டாலரில் நடமாடும் வீடு மாதிரி ஒரு பஸ். சம்பளமோ ஆண்டுக்குச் சுமார் 80 ஆயிரம் டாலர்.

இல்லத்தரசி, தாராபுரம்: 80 ஆயிரம் சம்பளக்காரர் 400 குதிரை வைத்திருந்தால் ஊருக்குத் தெரியாதா?

தெரியும். குதிரை வியாபாரத்தில் நல்ல லாபம் என்று நினைத்துக்கொண்டார்கள். குதிரை ஜெயித்துக்கொண்டிருந்ததால் நம்புவதும் சுலபமாகிவிட்டது. நகர மன்றத்தில் நிதியைப் பார்த்துவந்த உறுப்பினர் ஒருவர் 2011ல் பதவி விலகும்போது, ரீட்டா வரிப்பணத்தின் ஒவ்வொரு டாலரையும் தன் சொந்தப் பணம்போலக் கவனித்துக்கொள்கிறார் என்று மனமாரப் பாராட்டிவிட்டுப் போனார். இவ்வளவு துல்லியமான தணிக்கைக் குறிப்பை எந்த ஆடிட்டரும் எழுதியதில்லை.

ஆடிட்டர் அலுவலக உதவியாளர், ஈரோடு: ஆண்டுதோறும் தணிக்கை நடந்திருக்குமே? எங்கள் தொழிலைக் கேவலப்படுத்தாதீர்கள்.

நடந்தது. அதுதான் கதையின் கசப்பான பகுதி. செலவுக்கு ஆதாரமாக மாநிலப் போக்குவரத்துத் துறை அனுப்பியதுபோல் பொய் பில்கள் தயாரித்து ஃபைலில் வைத்தார். அவற்றில் அந்தத் துறையின் சின்னம்கூட இல்லை. தொகைகளோ இரண்டரை லட்சம், மூன்றரை லட்சம் என்று மொழுமொழுவென்று இருந்தன. ரோடு போட்ட பில் என்றைக்கு ஐயா முழு எண்ணில் வந்திருக்கிறது? இரண்டு ஜல்லி லாரி வாடகையாவது இடிக்கும். ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு மாநிலத் துறைக்கு போன் செய்து, இப்படி ஒன்று அனுப்பினீர்களா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். தணிக்கை செய்யவேண்டிய நிறுவனமே கணக்கு எழுதும் வேலையிலும் உதவியது என்பது பின்னால் நகரம் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு.

நான் பெரிய குற்றவாளியாகக் கருதுவது ஆடிட்டரை அல்ல, வேலை ஏற்பாட்டை. பணம் வாங்குவது, பாங்கில் போடுவது, செக் எழுதுவது, பாங்க் ஸ்டேட்மெண்டை ஒத்துப்பார்ப்பது, நகராட்சிக்கு வரும் தபாலைப் பிரிப்பது, எல்லாம் ஒரே கை. ஐந்து பேர் கொண்ட மன்றம், ஐந்து பேருக்கும் அது பகுதிநேர வேலை. அவர்களுக்கு வேண்டியது பேப்பரில் கையெழுத்துப் போட ஓர் இடம். ரீட்டா அந்த இடத்தைப் பென்சிலால் குறித்தே கொடுத்திருப்பார்.

பெயர் வேண்டாம், ஒரு நகராட்சி ஊழியர்: பணம் போய்க்கொண்டே இருந்தால் ஊர் எப்படி ஓடியது?

உங்கள் கேள்வியில் அனுபவம் தெரிகிறது. ஓடவில்லை, இழுத்துக்கொண்டு போனது. ரோடு வேலைகள் தள்ளிப்போயின. ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை. காலியான இடங்கள் காலியாகவே கிடந்தன. ஏன் பணம் இல்லை என்று கேட்டவர்களுக்கு ரீட்டா சொன்ன பதில்: மாநில அரசு நமக்குத் தரவேண்டிய பங்கைத் தாமதமாகத் தருகிறது. பாதி உண்மை சேர்ந்த பொய்தான் நெடுநாள் வாழும். இல்லினாய் மாநிலம் அந்த நாளில் உண்மையாகவே பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. மேலிடத்தைக் குறை சொன்னால் எந்த ஊரிலும் மறுகேள்வி வராது. நம்மூர் மன்றக் கூட்டத்திலும் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழும். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், அதனால்தான் எப்போது பொய் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

பாங்க் ஊழியர், காரைக்குடி: கடைசியில் எப்படித்தான் மாட்டினார்?

லீவு போட்டு. 2011 இலையுதிர்காலத்தில் குதிரைப் போட்டிகளுக்காக நீண்ட விடுப்பில் போனார். அவர் இடத்தைப் பார்த்துக்கொண்ட நகர எழுத்தர் கேத்தி ஸ்வான்சன், மாதக் கணக்கை முடிப்பதற்காக பாங்கிடம் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மெண்டும் வேண்டும் என்று கேட்டார். எல்லாம் என்றதால் பாங்க் எல்லாவற்றையும் அனுப்பியது. அதில் தெரியாத ஒரு கணக்கு, குதிரைச் செலவுகளோடு. சாக்கடைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்துவிட்டு நேராக மேயரிடம் போனார். மேயர் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போனார். அதன்பின் பல மாதங்கள் இருவரும் ஒன்றும் தெரியாததுபோல் ரீட்டாவுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குதிரைகளுக்குக் கொடுத்த உலகப் பட்டத்தில் ஒன்றை அந்த நடிப்புக்குக் கொடுத்திருக்கலாம். 2012 ஏப்ரல் 17ல் கைது.

நீங்கள் பாங்க்காரர் என்பதால் இது உங்களுக்குப் புதிதல்ல: முக்கியப் பொறுப்பில் இருப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது கட்டாய விடுப்பில் போகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021ல் வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. லீவே போடாத ஊழியரை நம் ஆபீஸ்களில் மாலை போட்டுப் பாராட்டுகிறோம். பாங்கில் அவரைப் பார்த்தால் இன்ஸ்பெக்டருக்குப் புருவம் உயரும்.

சந்தேகப் பிராணி, தென்காசி: போன பணம் வந்ததா?

பெருமளவு வந்தது, ஆனால் திருடியவரிடமிருந்து அல்ல. குதிரை, நகை, பஸ், பண்ணை எல்லாவற்றையும் ஏலம் விட்டு, செலவு போக ஊருக்கு வந்தது 90 லட்சம் டாலருக்குச் சற்று மேல். தணிக்கையாளர்கள் மீதும் பாங்க் மீதும் போட்ட வழக்கில் 2013ல் சமரசமாகி, சுமார் 4 கோடி டாலர் கிடைத்தது. ஊர் கடனை அடைத்தது, ரோடு போட்டது. பிறகு மக்கள் வாக்களித்து நிர்வாக முறையையே மாற்றி, முழுநேர நகர மேலாளரை வைத்துக்கொண்டார்கள்.

ரீட்டாவுக்கு 2013 பிப்ரவரி 14 அன்று 19 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை. காதலர் தினம்தான், நீதிபதி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாரா என்று கேட்காதீர்கள். 2021ல் வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டார். 2024 டிசம்பரில் ஜனாதிபதி பைடன் ஒரே நாளில் சுமார் 1,500 பேரின் தண்டனையைக் குறைத்தபோது அந்தப் பட்டியலில் இவர் பெயரும் இருந்தது. டிக்சனில் அன்றைக்கு பைடனைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

தமிழாசிரியர், மன்னார்குடி: திருடாமலே, சட்டப்படியே ஊரைக் காலி செய்ய முடியாதா?

பேஷாக முடியும். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு ஊர். 35 ஆயிரம் பேர், பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். 2005ல் ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடந்தது. ஊர் தனக்கென்று தனிச் சாசனம் வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது பாருங்கள். வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. சாசனம் வந்ததும், கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பு அந்த ஊருக்குப் பொருந்தாமல் போயிற்று.

2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் இருவர் போய்க் கேட்டபோது நகர மேலாளர் ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க ஜனாதிபதிக்கு 4 லட்சம். காவல்துறைத் தலைவருக்கு 4,57,000. கவுன்சிலர்கள் பகுதிநேரக்காரர்கள், ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். சில நிமிடங்களில் முடிந்துபோகும் குழுக் கூட்டங்களுக்கெல்லாம் படி உண்டு. அந்த ஏழை ஊரின் சொத்து வரி விகிதமோ மாவட்டத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. எல்லாம் சட்டப்படி என்றார்கள். நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. ரிஸோவுக்கு 2014ல் 12 ஆண்டு. செய்தி வெளியிட்ட பத்திரிகைக்கு 2011ல் புலிட்சர் விருது.

அந்த ஊருக்கென்று தவறாமல் மன்றக் கூட்டத்தில் போய் உட்காரும் நிருபர் ஒருவர் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று பிறகு பேசிக்கொண்டார்கள். டிக்சனில் ஒரு எழுத்தர், பெல்லில் இரண்டு நிருபர்கள். ஆட்கணக்கு இவ்வளவுதான் தேவைப்படுகிறது.

கோபக்கார வாலிபர், ஆம்பூர்: நகராட்சி திவாலாகுமா?

நம் சட்டத்தில் அதற்கு வழியில்லை. அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியாவின் வல்லேஹோ 2008 மே மாதம் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. யாரும் திருடவில்லை. போலீஸ், தீயணைப்புச் சம்பள ஒப்பந்தங்கள் பொது நிதியில் சுமார் முக்கால் பங்கை விழுங்கின. வீட்டு விலை சரிந்ததும் வரி குறைந்தது, ஒப்பந்தம் குறையவில்லை. மீண்டு வந்தபின் 2012ல், விற்பனை வரியில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் திவால் இல்லை, அதற்குப் பதில் குடிநீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வரும்.

வீட்டுக்காரர், பொள்ளாச்சி: 2022ல் சொத்து வரியை ஏன் ஒரேயடியாக ஏற்றினார்கள்? மத்திய அரசு சொன்னது என்கிறார்கள், மாநில அரசு ஏற்றியது என்கிறார்கள். யார் சொல்வது நிஜம்?

இரண்டு பேர் சொல்வதும். 15வது நிதிக் குழு ஒரு நிபந்தனை வைத்தது: நகரங்களுக்கான மானியம் வேண்டுமென்றால் மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும். இது மத்தியிலிருந்து வந்த கயிறு. ஆனால் ஏற்றம் ஒரேயடியாக விழுந்ததற்குக் காரணம் சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற நகராட்சிகளில் 2008க்குப் பிறகும் நிலையான திருத்தம் இல்லாமல் போனது. 2018ல் ஏற்றினார்கள், கூச்சல் வந்தது, 2019ல் நிறுத்திவைத்தார்கள். வருஷத்துக்கு ஐந்து ரூபாய் ஏற்றப் பயந்த எல்லாக் கட்சிகளும் சேர்ந்து உங்களுக்கு அனுப்பிய பில் அது. 600 சதுர அடிக்குள் குடியிருப்புக்கு 25 சதவீதம், வீடு பெரிதாகப் பெரிதாக ஏற்றமும் பெரிது.

அதே நிதிக் குழு வைத்த இன்னொரு நிபந்தனையைப் பற்றி யாரும் கூச்சல் போடவில்லை: முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கையான கணக்கையும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தால்தான் மானியம். என்னைக் கேட்டால், நமக்கு வந்த இரண்டு நிபந்தனைகளில் இதுதான் பெரிது.

அரசியல் ஆர்வலர், சிவகாசி: கவுன்சிலர் இருந்தால் கமிஷன், இல்லாவிட்டால் நிம்மதி. அதிகாரிகளே நடத்தினால் என்ன?

நடத்திப் பார்த்தோமே. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். இடையில் தனி அலுவலர்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய மானியத்தின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. கமிஷன் மிச்சமாயிற்றா என்று உங்கள் ஊர் ஒப்பந்ததாரரைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர், பல்லாவரம்: நம் ஜனங்களுக்கு எல்லாம் வேண்டும், காசு மட்டும் கொடுக்க மாட்டார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பல்லாவரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, பக்கத்து ஆலந்தூரை மறந்துவிட்டீர்களா? 1996ல் ஆர்.எஸ். பாரதி அங்கே நகராட்சித் தலைவரானார். ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், கொசு, லாரிக்காரரின் தயவு. திட்டச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சியால் தனியாக முடியாது, மாநிலமும் முழுவதையும் தரப்போவதில்லை.

செய்தது என்ன தெரியுமா? குழி தோண்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிடமும் இணைப்புக்கு வைப்புத் தொகையாக 5,000 ரூபாய் கேட்டார்கள். 1990களின் 5,000, இன்றைய காசல்ல. நடுத்தர வீட்டில் ஒரு மாதச் சம்பளம். குடியிருப்போர் நலச் சங்கங்களோடு வீடு வீடாகப் போனார்கள், தெருத் தெருவாகக் கூட்டம் போட்டார்கள். மாதம் எவ்வளவு கட்டணம் வரும் என்பதையும் ஒளிக்கவில்லை, வீட்டுக்கு 150 ரூபாய். மக்கள் கட்டினார்கள். அந்தப் பணத்தைக் காட்டித்தான் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடம் கடன் வாங்க முடிந்தது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் ஒப்பந்தம். நாட்டில் அன்றைக்கு ஒரு நகராட்சிக்கு அது புதுசு.

ஆலந்தூர்க்காரர் என்ன, தனிப் பிறவியா? இல்லை. எதற்கு, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் கேட்டார்கள், பதில் வந்தது, கட்டினார்கள். காசு கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லும் பல தலைவர்கள் அந்தப் பதிலைத் தயார் செய்யாமலே கை நீட்டிப் பார்த்தவர்கள். ஆலந்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியில் கலந்துவிட்டது. நகராட்சி போனாலும் குழாய் இருக்கிறது.

வணிகவியல் மாணவர், மதுரை: நகராட்சிகள் பத்திரம் வெளியிட்டுக் கடன் திரட்டலாமா? சின்ன ஊரை யார் நம்புவார்கள்?

உங்கள் மாநகராட்சியே 2001 வாக்கில் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்ப் பத்திரம் வெளியிட்டது. சின்ன ஊர்கள் தனித்தனியாகப் போனால் நம்ப மாட்டார்கள், அதனால் சேர்ந்து போனார்கள். 2003 வாக்கில் தமிழ்நாட்டின் 13 சிறு, நடுத்தர உள்ளாட்சிகள் ஒரு பொது நிதியம் வழியாக 30 கோடிக்குச் சற்று மேல் திரட்டின. அமெரிக்க உதவி நிறுவனம் பாதிக்கு உத்தரவாதம் நின்றது. கூட்டுச் சீட்டில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர் பார்த்துக்கொள்வதுபோல ஓர் ஏற்பாடு. பத்திரத்துக்கு ஒரு நல்ல பக்கவிளைவு உண்டு: கடன் கொடுத்தவர் உங்கள் கணக்கைப் படிப்பார். வரி கட்டுகிறவர் படிக்காவிட்டாலும்.

பொதுஅறிவுப் புலி, அரக்கோணம்: அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் வந்து இவ்வளவு வருஷம் ஆகியும் நகராட்சி ஏன் கையேந்துகிறது?

1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம் 18 வேலைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. வேலைக்குப் பட்டியல் உண்டு, வரிக்குப் பட்டியல் இல்லை. நாட்டின் எல்லா மாநகராட்சி, நகராட்சிகளின் வரவும் சேர்ந்து மொத்த உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்தான். பிரேசிலில் 7க்கு மேல். தமிழ்நாடு தன் சொந்த வரியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. மற்ற பல மாநிலங்களைப் பார்க்க இது கௌரவமான ஏற்பாடு.

குடும்பத் தலைவி, திருச்செங்கோடு: கணக்குத் தெரியாத நான் என்ன கேட்க முடியும்?

கணக்குத் தெரியாதவர் கேட்பதற்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள், புரியும்படி சொல்லவேண்டி வரும். வார்டில் பகுதி சபை கூடும்போது போங்கள். 2022 நவம்பர் 1ல் தொடங்கிய ஏற்பாடு. நகராட்சிக்கு எத்தனை பாங்க் கணக்கு, ஒவ்வொன்றையும் எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று மட்டும் கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள்.

சிக்கனவாதி, கோபிசெட்டிபாளையம்: சொத்து வரியை முன்கூட்டியே கட்டினால் லாபமா, பாங்கில் போட்டு வைத்திருந்து கடைசியில் கட்டினால் லாபமா?

அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் தருகிற பாங்க் உங்களுக்குத் தெரிந்திருந்தால் உடனே எனக்கு முகவரி அனுப்புங்கள். பிறகு போலீசுக்கும்.